தண்ணி ஊத்தாதீங்க தங்கச்சி!
வாசகர் கேள்வி, கோழிக்கார அக்கா பதில்

கேள்வி: அக்கா, ஆன்லைன்ல 180 வெள்ளிக்கு ஒரு இன்குபேட்டர் (முட்டை பொரிக்கிற பெட்டி) வாங்கி பக்கத்து தாமான்ல ஒரு ஆண்ட்டிகிட்ட 12 காம்போங் கோழி (நாட்டுக்கோழி) முட்டை வாங்கி வெச்சேன். 7-ஆம் நாள் லைட் அடிச்சி பாத்தா 11-லயும் வேர் வேரா ரத்தக்குழாய் நல்லா தெரிஞ்சுச்சு. பெட்டியோட வந்த பேப்பர்ல போட்டிருந்த மாதிரி முதல் நாள்லேர்ந்து தண்ணி தொட்டிய காலியாக விடல. 21 நாள் ஆச்சு, ரெண்டு குஞ்சு தான் வந்துச்சு. மத்தத உடச்சி பாத்தா முழு குஞ்சு, ரோமம் எல்லாம் இருக்கு, ஆனா உள்ளயே செத்து கெடக்கு, ஒரே ஈரம். அழுதுட்டேன்கா. எங்க தப்பு?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: அழாதீங்க தங்கச்சி, என்னோட முதல் செட்டும் இப்படி தான், 20 வெச்சேன் 3 வந்துச்சு. தப்பு அந்த தண்ணியில தான்.

அந்த பேப்பர் குளிர் ஊருக்கு எழுதினது. அங்க காத்து காஞ்சி கெடக்கும், தண்ணி ஊத்தி தான் ஆகணும். நம்ம பினாங்குல வெளிய காத்து சுமாரா 30 டிகிரி, ஈரப்பதம் 75, 80 பெர்சன்ட்னு நிக்குது, துணியே காய மாட்டேங்குது. அந்த காத்த 37.5 டிகிரிக்கு சூடாக்குனா என்னாகும்னா, ஈரம் அதே ஈரம் தான், ஆனா சூடு காத்து இன்னும் நெறய ஈரத்த தாங்கும், அதனால ஈரப்பத மீட்டர் தானா 50 கிட்ட இறங்கிடும். முதல் 18 நாளைக்கு முட்டைக்கு வேண்டியது 45-லேர்ந்து 55, அது சும்மாவே கெடச்சிடுது, ஒரு சொட்டு தண்ணி தேவையில்ல. நீங்க தொட்டிய ரொப்பி வெச்சதுல 70-க்கு மேல போயிருக்கும்.

ஈரம் கூடுனா என்ன கெட்டுச்சுன்னு கேப்பீங்க. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கு, அது வழியா உள்ள இருக்குற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளியேறணும், அந்த எடத்துல தான் மழுங்குன பக்கம் காத்து அறை பெருசாகும். குஞ்சு ஓட்ட உடைக்கிறதுக்கு முன்னாடி முதல் மூச்சு விடுறதே அந்த அறையில தான். தண்ணி போகலன்னா அறை சின்னதா நின்னுடும், குஞ்சும் ஊதிப் போய் திரும்ப எடமில்லாம அப்படியே போய்டும், நீங்க பாத்தது அதான்.

அடுத்த தடவ கிச்சன் தராசுல எடை போடுங்க, மீட்டர விட நான் அதத் தான் நம்புவேன். 12 முட்டையும் சேத்து 600 கிராம்னா 18-ஆம் நாள் 520, 530 கிட்ட வரணும், அதாவது 12, 13 பெர்சன்ட் கொறயணும். கொறயலன்னா பெட்டியோட காத்து ஓட்டைய இன்னும் தொறந்து விடுங்க. 18-ஆம் நாள் முட்டைய பெரட்டுறத நிறுத்திட்டு அப்போ தான் தண்ணி ஊத்தணும், 65, 70-க்கு ஏத்துங்க. ஒண்ணு மறந்துடாதீங்க, பெட்டி ஏர்கோன் ரூம்ல இருந்தா கணக்கு மாறிடும், அந்த காத்து காஞ்ச காத்து, அங்க முதல்லேர்ந்தே தண்ணி வேணும். ஏர்கோன் ராத்திரி மட்டும் போடுற ரூம்ல வைக்கவே வைக்காதீங்க.

பெட்டியோட வர்ற தெர்மாமீட்டரையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க, காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் வீட்டுல இருக்குமே, அத உள்ள வெச்சி ஒத்துப் பாருங்க, ஒரு டிகிரி தப்புன்னா கூட குஞ்சுக்கு பெரிய விஷயம்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் கிரேட் ஏ முட்டைய வெச்சா பொரிக்குமா? கூரான முட்டை சேவல்னு எங்க பாட்டி சொல்றாங்க, உண்மையா?
– வாசகர், செந்தூல்

பதில்: பொரிக்காதுங்க. முட்டைப் பண்ணையில சேவலே கெடயாது, எல்லாம் கூமுட்டையா தான் போகும். சேவலோட திரியிற கோழியோட முட்டையா பாத்து வாங்குங்க, ஒரு வாரத்துக்கு மேல பழசு வேணாம், ஃபிரிட்ஜ்ல வெச்சதும் வேணாம். பாட்டி சொல்றது பொய், கோபப்பட வேணாம்னு சொல்லுங்க. சேவலா பெட்டையான்னு முடிவாகுறது தாய்க்கோழியோட கருமுட்டையில, முட்டை வடிவத்துல ஒண்ணும் தெரியாது. ஆனா அதே பாட்டிங்க தோட்டத்துல அடைக்கு வைக்கிறப்போ இடிக்கு பயந்து முட்டையோட இரும்பு ஆணியும் கரித்துண்டும் வெப்பாங்க பாருங்க, அத மட்டும் நான் இன்னும் வெக்கிறேன், ஏன்னு கேக்காதீங்க.

கேள்வி: ஓட்டுல ஓட்டை போட்டு 10 மணி நேரமாச்சு, குஞ்சு கத்துது, வெளிய வரல. நான் ஓட்ட உரிச்சி விடவா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கைய எடுங்க முதல்ல! ஓட்டை போட்டதுக்கப்புறம் 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம் கூட ஆகும். சும்மா இருக்குற மாதிரி தெரியும், ஆனா உள்ள சவ்வுல இருக்குற ரத்தத்தையும் மிச்ச மஞ்சக்கருவையும் வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கும். இப்ப உரிச்சா ரத்தம் வந்துடும். மூடியத் தொறந்து தொறந்து பாத்தாலும் ஈரம் போய் சவ்வு காஞ்சி பிளாஸ்டிக் மாதிரி குஞ்சு மேல ஒட்டிக்கும், அப்புறம் அது திரும்பவே முடியாது. (18 நாள் தண்ணி வேணாம்னு கத்துன நானே இப்ப ஈரம் வேணும்னு கத்துறேன், என்ன பண்றது, கடைசி 3 நாள் கதை வேற.) முதல்ல வந்த குஞ்சு பசியில கத்துதேன்னும் தொறக்காதீங்க, மஞ்சக்கரு உள்ள இருக்கு, ரெண்டு நாள் தாங்கும். ரோமம் காஞ்சதும் மொத்தமா எடுத்து 33, 34 டிகிரி சூடு இருக்குற லைட் பெட்டிக்கு மாத்துங்க.