கொட்டேஷனில் வராத கிச்சன் செலவு

கேள்வி: வீடு கட்டி 22 வருடம் ஆகிறது. சமையலறையை மட்டும் இடித்து மாடுலராக மாற்ற 2.5 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். மாடுலர் போடுபவர் 75 சதுர அடி, அடிக்கு 1,450 ரூபாய் என்று 1,08,750-க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மீதியில் டபுள் டோர் ஃபிரிட்ஜும் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவரை இப்போதைக்கு ஃபிரிட்ஜ் கடைப் பக்கம் விடாதீர்கள். அந்த 1,08,750 மரவேலைக்கு மட்டும்தான், அதுவும் ஜிஎஸ்டி சேர்க்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். 18 சதவீதம் போட்டால் 1,28,325 ஆகிவிடும். அப்புறம், 75 சதுர அடி என்று எதை அளந்தார் என்று கேளுங்கள். சிலர் முன்பக்கக் கதவை மட்டும் அளப்பார்கள், உள்ளே இருக்கும் பெட்டி, ஸ்டீல் கூடைகள், சாஃப்ட் குளோஸ் சேனல் (டிராயரைச் சத்தமில்லாமல் மெதுவாக மூடவைக்கும் தடம்), கைப்பிடி எல்லாம் தனி பில்லில் வரும். இன்னொருவரின் விலை அதிகமாகத் தெரிந்தாலும் அதில் இவையெல்லாம் அடக்கமாக இருக்கலாம், அதனால் சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து இரண்டு கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. என்ன பலகை என்பதும் எழுத்தில் வேண்டும். வெறும் 'வாட்டர் ப்ரூஃப் பிளை' என்று எழுதினால் போதாது, ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) முத்திரை உள்ள பிளைவுட் என்று எழுதச் சொல்லுங்கள். சிங்க்குக்குக் கீழே அது கட்டாயம், மேல் அலமாரிக்குக் கொஞ்சம் மலிவானது போதும்.

மொத்தப் பணத்தில் 15 சதவீதம், அதாவது 37,500 ரூபாயை, முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அப்படி ஒரு பணம் இருப்பது மேஸ்திரிக்குத் தெரியவே வேண்டாம். 22 வருட வீட்டில் டைல்ஸை உடைத்த பிறகுதான் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியும். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைத்திருக்கும், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே புது டைல்ஸ் ஒட்டச் சொல்ல உங்களுக்கே மனசு வராது. ஓவன், இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அதற்குப் பழைய வயர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

2.5 லட்சத்தில் ஜிஎஸ்டியோடு மரவேலையையும், தனியாக வைத்த 37,500-ஐயும் கழித்தால் கையில் 84,175 ரூபாய்தான். கிரானைட், டைல்ஸ், சிங்க், குழாய், சிம்னி, கொத்தனார் பிளம்பர் கூலி, இடித்த குப்பையை வண்டி வைத்து அள்ளும் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கிரானைட்டில் கல் விலையோடு முடியாது, ஓரம் உருட்ட ஓடும் அடிக் கணக்கு (ஓரத்தின் நீளத்துக்கு அடிக்கு இவ்வளவு என்று), சிங்க்குக்கு வெட்ட தனிக் காசு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி வேறு.

பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி, சிங்க்கை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது. அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் தண்ணீர் வழிய வாட்டம் கொடுக்கத் தரையையே உடைக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் பரண் ஏற்கெனவே இருந்தால் பெட்டி வேண்டாம், கதவு மட்டும் போடுங்கள். மேல் அலமாரியை அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை (மாமியாரைத் தவிர).

பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் வேலை நடக்கும்போதுதான். "மேடம், இவ்வளவு பண்றீங்க, இதையும் பண்ணிடலாமே" என்பார்கள். சரி என்று தலையாட்டாமல், எவ்வளவு என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி யோசித்து மறுநாள் சொல்லுங்கள். டைல்ஸ், கல், சிங்க் எல்லாவற்றையும் இடிக்கிறதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும். பணத்தையும் மொத்தமாகத் தராதீர்கள். ஆர்டரின்போது கொஞ்சம், பலகை வந்து இறங்கியதும் கொஞ்சம், கடைசி 10 சதவீதத்தை டிராயர், கதவு எல்லாம் இரண்டு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். வேலை முடியும் வரை ஹாலில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டுச் சமாளியுங்கள், இல்லாவிட்டால் ஹோட்டல் பில் தனிக் கணக்காகிவிடும்.

கேள்வி: சிம்னியும் ஹாப்பும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் வாங்கினால் செலவே இல்லையாமே?
- வாசகர், மதுரை

பதில்: மொத்தப் பணம் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டு என்றால் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் பில்லில் வரும். ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுகிறதென்றால், முழு கிச்சன் வேலைக்கும் டாப்-அப் கடன் (அந்த வீட்டுக் கடனின் மேல் கூடுதலாக வாங்குவது) கேட்கலாம். பொதுவாகத் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு.

கேள்வி: மேடைக்கு குவார்ட்ஸா, கிரானைட்டா?
- வாசகி, ஈரோடு

பதில்: அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே மேடையில் வைக்கிற வீடு என்றால் கிரானைட். குவார்ட்ஸில் ரெசின் கலந்திருக்கும், அந்தச் சூட்டில் தடம் விழுந்துவிடும்.