வீட்டிலேயே சார்ஜர் வைத்துக் கார் பேட்டரிக்குச் சார்ஜ் போடும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஒரு மாதம் ஓடாமல் நின்ற காரின் 35 ஆம்பியர் அவர் (Ah, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இறங்கிவிட்டது என்றும், புதிதாக வாங்கிய 10 ஆம்பியர் சார்ஜரைப் பேட்டரியைக் கழற்றாமலேயே மாட்டி இரவு முழுவதும் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கழற்றாமல் போடலாம். ஆனால் 10 ஆம்பியரில் போட வேண்டாம். முதல் முறையே பக்கத்தில் ஆள் இல்லாமல் இரவெல்லாம் விடவும் வேண்டாம்.

என் தந்தை பேட்டரிக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கே உதவிக்கு நின்றபோது, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் கிளிப்பைப் பிடுங்க, அப்போது தெறித்த பொறியில் பேட்டரியின் மேல்மூடி வெடித்துச் சிதறியதைக் கண்ணால் பார்த்தேன். ஆசிட் அவருடைய சட்டையோடு நின்றது. கண்ணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. 12 வோல்ட் என்பதால் ஷாக் அடிக்காது என்று பலரும் தைரியமாகத் தொடுகிறார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆபத்து இருப்பது வாயுவில். சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில் ஆசிட்டில் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்துவிட்டாலே, பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும்.

ஆகவே பொறி எங்கே, எப்போது தெறிக்கும் என்பதை மனத்தில் வைத்தே மாட்டும் வரிசையை அமைத்திருக்கிறார்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த நிலையில் சிவப்புக் கிளிப்பைப் பிளஸ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்புக் கிளிப்பைப் பேட்டரிக்கும் பெட்ரோல் குழாய்க்கும் தள்ளி, எஞ்சினிலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத கனமான இரும்பில் மாட்டுங்கள். அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் முதலில் சுவிட்ச், பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. புதிய கார்கள் பலவற்றில் மைனஸ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் இருப்பதால், கறுப்பைப் பாடியில் மாட்டினால்தான் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வரும் என்பது கூடுதல் காரணம். பேட்டரியைக் கழற்றுவதாக இருந்தால் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும்; மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடியாக ஷார்ட் ஆகிவிடும். சார்ஜ் போடும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். கார் ஷெட்டுக்குள் நின்றால் கதவைத் திறந்து வையுங்கள்.

எங்கள் கடையில் பின்பற்றிய கணக்கு எளியது: ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் வருகிறது, ஆகவே சார்ஜரில் 3 அல்லது 4 ஆம்பியர் நிலை இருந்தால் அதில் வையுங்கள். 10 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய சார்ஜர் என்றால், எந்த அளவு பேட்டரிக்கு உரியது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 35 அதற்குள் அடங்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி பாதி இறங்கியிருந்தால் 17.5 ஆம்பியர் அவர் ஏற வேண்டும். கணக்குப்படி ஐந்து மணி நேரம்தான் என்றாலும், இறுதியில் பேட்டரி மின்சாரத்தை மெதுவாகவே வாங்கும் என்பதால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். நடுநடுவே பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடோ வீக்கமோ அழுகிய முட்டை நாற்றமோ இருந்தால் உடனே சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர், முழுதாக ஏறியதும் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். பழைய டிரான்ஸ்பார்மர் வகைக்கு அந்த அறிவு கிடையாது. நீரைப் பிரித்து வாயுவாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மூடி திறக்கும் பேட்டரியில் தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்பே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மீதியைச் சார்ஜ் ஏறிய பின் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது. லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தச் சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள்.

பேட்டரி ஏன் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரமும் கடிகாரமும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர், ஒரு மாதத்தில் 36; உங்கள் பேட்டரியின் கொள்ளளவே 35. இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும் என்பதால் இன்றே சார்ஜ் போடுங்கள். இனி நெடுநாள் நிறுத்தும்போது மைனஸைக் கழற்றி வையுங்கள்.

சார்ஜ் முடித்துச் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் நன்றாக நிற்கிறது. 12.2-க்கு இறங்கியிருந்தால் பாதிதான் நிற்கிறது. கடையில் லோடு டெஸ்ட் (பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து பாருங்கள். 10.5 அருகிலேயே நின்றால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் எந்தச் சார்ஜர் போட்டும் பயனில்லை, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.