ஃப்ராஸ்டின் கவிதை "தனி வழியில் போ" என்றா சொல்கிறது?

அமெரிக்கக் கவிதையில் வாழ்க்கைத் தேர்வுகள் பற்றி எழுத வேண்டும், ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' (போகாத பாதை) ஊர் போகாத வழியில் துணிந்து போகச் சொல்கிறது என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் கவிதையில் அப்படி இல்லை.

பி.ஏ. ஆங்கிலம் படிப்பவர் என்று நினைக்கிறேன். கையில் ஒரு நோட்ஸ் இருக்கும், காட்டில் இரண்டு பாதை பிரிந்தது, நான் ஆள் குறைவாகப் போன பாதையில் போனேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்ற கடைசி மூன்று வரி மனப்பாடமாக இருக்கும். சிக்கலே அங்கேதான். கவிதை மொத்தம் 20 வரி, ஐந்தைந்தாக நான்கு பத்தி. ஓரத்தில் பென்சிலால் வரி எண் போட்டுக்கொண்டு படியுங்கள். 6-ஆம் வரியில் இரண்டாவது பாதையும் முதல் பாதையைப் போலவே அழகு என்கிறார். 8-இல் இதில் புல் மண்டிக் கிடக்கிறது, ஆள் நடமாட்டம் போதவில்லை என்கிறார். நோட்ஸ்காரர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு 19-க்குத் தாவிவிடுகிறார்கள். 9, 10-இல் அவரே அதை மாற்றிச் சொல்கிறார்: நடந்து தேய்ந்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 11, 12-இல் இன்னும் உறுதியாக, அன்று காலை இரண்டின் மேலும் ஒரே மாதிரி இலை கிடந்தது, எதிலும் மிதித்துக் கறுத்த தடம் இல்லை என்கிறார். அப்படியென்றால் 'ஆள் குறைவாகப் போன பாதை' எங்கிருந்து வந்தது?

16-ஆம் வரியைப் பாருங்கள். அதுவரை நடந்ததைச் சொன்னவர், அங்கே எதிர்காலத்துக்கு மாறுகிறார். எத்தனையோ காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, இப்படிச் சொல்லப்போகிறேன் என்கிறார். அந்தப் புகழ்பெற்ற கடைசி வரிகள் அன்றைக்கு நடந்ததல்ல. வயதான பிறகு அவர் சொல்லப்போகும் கதை. எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை விட, தேர்ந்தெடுத்ததற்கு நாம் பின்னால் கற்பிக்கும் காரணம்தான் இங்கே விஷயம்.

"கவிதையை அவரவர் விருப்பப்படி வாசிக்கலாமே" என்று ஒருவர் கிளம்பி வருவார். தாராளமாக வாசிக்கட்டும், நடுவில் நான்கு வரியை அடித்துவிட்டு வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

பின்னணியைச் சுருக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ராஸ்ட் 1912 முதல் 1915 வரை இங்கிலாந்தில் இருந்தார். அங்கே க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் எட்வர்ட் தாமஸ் என்ற எழுத்தாளரோடு நெடுந்தூரம் நடப்பார். எந்தப் பாதையில் போனாலும், மற்றதில் போயிருந்தால் இன்னும் நல்லதாக எதையாவது காட்டியிருக்கலாமே என்று அங்கலாய்ப்பது தாமஸின் வழக்கம். அவரைச் சீண்டத்தான் இந்தக் கவிதை. அவருக்கே கேலி பிடிபடவில்லை, ஃப்ராஸ்ட் விளக்க வேண்டியிருந்தது. கவிதை 1915 ஆகஸ்டில் 'அட்லாண்டிக் மந்த்லி'யில் வந்தது. அமெரிக்காவுக்குப் போவதா, பட்டாளத்தில் சேர்வதா என்று ஊசலாடிக்கொண்டிருந்த தாமஸ், 1915 ஜூலையில் பட்டாளத்தில் சேர்ந்தார். 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்ஸில் அராஸ் போரில் இறந்தார். கவிதைதான் அவரைப் போருக்கு அனுப்பியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஊசலாட்டம் கவிதைக்கு முன்பே இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பல். 18-ஆம் வரி 'ஐ' (நான்) என்று முடிந்து, ஒரு நீளக் கோடு வந்து, 19 மறுபடி 'ஐ' என்றே தொடங்கும். கதை கட்டப்போகிறவர் தொண்டையைச் செருமும் இடம் அது. சுவரொட்டி அடிப்பவர்களும் காலை வணக்கம் அனுப்புபவர்களும் ஒரு 'ஐ'யையும் கோட்டையும் தூக்கிவிட்டு ஒரே வாக்கியமாக்கிவிடுகிறார்கள். போதாக்குறைக்குத் தலைப்பையும் 'தி ரோட் லெஸ் ட்ராவல்ட்' என்று போடுகிறார்கள். அது 1978-இல் ஸ்காட் பெக் எழுதிய உளவியல் புத்தகம் ஐயா!

கட்டுரைக்கு இரண்டாவது கவிதை தேடி, அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பக்கம் போவார்கள். நான் இன்னொரு அமெரிக்கக் கவிஞரான க்வென்டலின் ப்ரூக்ஸின் 'வி ரியல் கூல்' என்பேன். 1960-இல் 'தி பீன் ஈட்டர்ஸ்' தொகுப்பில் வந்தது. எட்டே வரி, 24 சொல், எல்லாம் ஓரசைச் சொற்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பில்லியர்ட்ஸ் மாதிரியான மேசைப்பந்து ஆடும் ஏழு பையன்கள் பேசுகிறார்கள். முதல் ஏழு வரியும் 'வி' (நாங்கள்) என்ற சொல்லில் முடியும். எட்டாவது வரியில் அது இல்லை, சீக்கிரம் சாகிறோம் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த 'வி'யை மெல்லச் சொல்ல வேண்டும் என்று ப்ரூக்ஸே சொல்லியிருக்கிறார். ஃப்ராஸ்டின் ஆளுக்கு இரண்டு பாதை இருந்தது, நின்று நிதானமாகப் பார்க்க ஒரு காலைப்பொழுதும் இருந்தது. இவர்களுக்கு முன்னால் எத்தனை பாதை இருந்தது என்பதைக் கவிதை சொல்லவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் கட்டுரைக்கு விஷயம் தானாகக் கிடைக்கும்.

ஐந்து மார்க் கேள்வி என்றால் 9 முதல் 12 வரையும், 16-ஆம் வரியும் போதும். பதினைந்து மார்க் என்றால் ப்ரூக்ஸை விட்டுவிடாதீர்கள்.