தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி 'நெகட்டிவ்': ஊசி வீணா?

கேள்வி: எம்ஆர்என்ஏ வகை கொரோனா தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஆன்டிபாடி பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். மறுபடி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரிப்போர்ட்டில் பரிசோதனையின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். 'நியூக்ளியோகேப்சிட்' என்றிருக்கிறது. அந்தப் புரதத்தை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை மட்டும்தான் இந்தப் பரிசோதனை தேடுகிறது. குழப்பம் அந்த ஒரு சொல்லில்தான்.

கிருமியின் மேல் முள் முள்ளாக நிற்பது ஸ்பைக் புரதம். நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கிருமி உள்ளே நுழைவது அதை வைத்துத்தான். உங்கள் ஊசி அந்த முள்ளை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகிறது. நியூக்ளியோகேப்சிட் என்பது கிருமிக்குள்ளே மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் வேறு புரதம். உடம்பு பார்க்காத ஒன்றுக்கு ஆன்டிபாடி எங்கிருந்து வரும்?

ஒரு விலக்கு உண்டு. கோவாக்சின், சினோபார்ம், கொரோனாவேக் போன்றவை முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து தயாரித்தவை. அவற்றில் நியூக்ளியோகேப்சிடும் இருக்கும். அவற்றைப் போட்டவருக்கு இதே பரிசோதனை 'பாசிட்டிவ்' காட்டலாம். உடனே 'எனக்குத் தெரியாமலே கொரோனா வந்து போயிருக்கிறது' என்று முடிவு கட்டுவார்கள். வந்திருக்கலாம், ஊசியாலும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போட்டது அந்த வகை இல்லை.

எந்த ஊசி போட்டீர்கள் என்று ரத்தம் எடுக்கும்போது யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். 'தடுப்பூசிக்குப் பிந்தைய பேக்கேஜ்' என்று பெயர் வைத்து, கையில் இருக்கும் கிட்டைப் போட்டு, பில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தடுப்பூசி போட்டவர்கள் எதிர்ப்புச் சக்தியை அறிய ஆன்டிபாடி பரிசோதனையை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதமே சொல்லிவிட்டது. அதை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு?

அடுத்து, 'அப்படியானால் ஸ்பைக் டெஸ்ட் எடுங்கள்' என்பார்கள். எடுக்காதீர்கள். ஒரு எண் வரும், அவ்வளவுதான். இத்தனைக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. அப்புறம் எண் குறைவு என்று சத்து மாத்திரை விற்பார்கள், கூடுதல் என்றால் 'ஸ்பைக்கை வெளியேற்றும்' பொடி விற்பார்கள். இரண்டையும் விற்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்!

அடுத்த டோஸ் வேண்டுமா என்பதை உங்கள் வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் போகும்போது ஊசிச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். இந்த ரிப்போர்ட் தேவையில்லை.