வீட்டிலேயே சைக்கிள் ஸ்டாண்ட்: கேள்வி பதில்

கேள்வி: கழுவுவதற்கும் ரிப்பேர் பார்ப்பதற்கும் ஒரே ஸ்டாண்ட் செய்ய ஆசை. மரக்கட்டையும் இரும்புக் குழாயும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: காலில். எல்லோரும் கவ்வியைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஸ்டாண்டைக் கவிழ்ப்பது கால்தான். நிற்கும் குழாய்க்கு ஒரு பக்கத்தில்தான் சைக்கிள் தொங்கும். 12 முதல் 15 கிலோ எடையும் அந்தப் பக்கமே இழுக்கும். அதனால் நீளமான இரண்டு கால்கள் சைக்கிளுக்கு அடியில் விரிந்து போகட்டும்; பின்பக்கம் குட்டைக் கால் ஒன்று போதும். நான் முதலில் செய்ததில் நான்கு பக்கமும் ஒரே அளவு. பார்க்க லட்சணமாக இருந்தது. பெடலைக் கழற்ற ஸ்பேனரை அழுத்தினேன், சைக்கிளும் ஸ்டாண்டும் சேர்ந்து என் மேல் சாய்ந்தன.

கவ்விக்கு இரண்டு மரக்கட்டைகள். நடுவே 5 மி.மீ. தடிமனில் ஒரு பலகைத் துண்டை வைத்து, மூன்றையும் இறுக்கிப் பிடித்து, சரியாக நடுவில் துளை போடுங்கள். அப்புறம் பலகையை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளிதான் இறுக்கத்துக்கு இடம் தரும். சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) 27.2 மி.மீ. என்றால் துளை 30 மி.மீ. உள்ளே பழைய டியூபை வெட்டி ஒட்டுங்கள். இறுக்குவதற்கு நீள போல்ட்டும் விங் நட்டும்.

கவ்வ வேண்டியது சீட் போஸ்ட்டை. ஃப்ரேம் குழாயை அல்ல.

கேள்வி: பிவிசி குழாயில் செய்யலாமா?

பதில்: பின்சக்கரத்தைத் தாங்கும் தரை ஸ்டாண்டுக்குச் சரி. தூக்கித் தொங்கவிட்டால் வளையும்.

கேள்வி: என் சீட் போஸ்ட் வெளியே கொஞ்சம்தான் தெரிகிறது. ஃப்ரேமின் மேல் குழாயில் கவ்வட்டுமா?

பதில்: வேண்டாம். பழைய உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, சீட்டை உயர்த்திக் கவ்வுங்கள். பல நல்ல ஃப்ரேம்களில் குழாயின் நடுப்பகுதியில் தடிமன் 1 மி.மீ.கூட இருக்காது. அலுமினியம் நசுங்கும், கார்பன் ஃபைபர் விரிசல் விடும்.

கேள்வி: வெல்டிங், கவ்வி எதுவும் வேண்டாம். எளிய வழி?

பதில்: பழைய முன்சக்கரத்தின் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பலகையில் இறுக்குங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை அதில் மாட்டினால் சைக்கிள் அசையாது. சாதாரண ஃபோர்க்கில் இடைவெளி 100 மி.மீ.; ஹப்பும் அதே அகலம். பெடல் அச்சுக்கு (இரண்டு பெடல் கைகளும் சேரும் இடம்) அடியில் ஒரு முட்டு கொடுத்தால் பின்சக்கரம் சுழலும், கியர் சரிபார்க்கலாம். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் இல்லாதபோது லிவரை அழுத்தாதீர்கள், பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஸ்டாண்டே எதற்கு? எங்கள் தாத்தா காலத்திலிருந்து தலைகீழாகக் கவிழ்த்துத்தான் பார்க்கிறோம்.

பதில்: பஞ்சருக்குக் கவிழுங்கள், யார் தடுத்தார்? கழுவுவதற்குக் கவிழ்த்தால் சீட்டும் கைப்பிடியும் சேற்றில் கிடக்கும்.

கேள்வி: கீழே துணி விரித்தால் போச்சு. தாத்தாவின் சைக்கிள் இன்றும் ஓடுகிறது.

பதில்: ஓடட்டும். அதில் கம்பி பிரேக். ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய்த் தொட்டியில் காற்று இருந்தால், கவிழ்த்ததும் அது குழாய்க்குள் ஏறும்; லிவர் மெத்தென்று போகும். இன்னொன்று, கவிழ்த்து வைத்து கியர் சரிசெய்யும்போது இடம் வலம் எல்லாம் மாறித் தெரியும், தப்பான ஸ்க்ரூவைத் திருகுவோம். நானே திருகியிருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் தாத்தாவுக்குக் கியரே இல்லையே!

பதில்: அந்த சைக்கிளுக்கு நான் தோற்றேன். மற்றதற்கெல்லாம் ஸ்டாண்ட்.

கேள்வி: மேல் குழாயில் துணி சுற்றிக் கவ்வினால்?

பதில்: மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். துணி பெயிண்டைக் காக்கும், குழாயைக் காக்காது.

கேள்வி: அழுத்த நீர் பீய்ச்சும் மெஷினால் கழுவலாமா?

பதில்: ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து, இம்மூன்றையும் நோக்கிப் பீய்ச்சாதீர்கள், பேரிங்கில் கிரீஸ் போய்த் தண்ணீர் நிற்கும். வாளியும் பிரஷும் போதும். காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய், உடனே மிச்சத்தைத் துடைக்கவும். டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.

கேள்வி: மின்சார சைக்கிளை இதில் தூக்கலாமா?

பதில்: அவற்றில் பல 20 கிலோவைத் தாண்டும். இந்த மரக்கவ்வி தாங்காது. மோட்டார் பற்றித் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: சீட் போஸ்ட்டே கார்பன் என்றால்?

பதில்: பழைய இரும்பு சீட் போஸ்ட் ஒன்றை மாட்டிக் கவ்வுங்கள். அளவு மட்டும் அதேதான் இருக்க வேண்டும்.