பூனை முடிக்குப் பயப்பட வேண்டாம் – கர்ப்பிணி வாசகியர் கேள்வி, மருத்துவர் பதில்

எனக்கு மூன்றாம் மாதம். இரண்டு வயதுப் பூனை வளர்க்கிறேன். ‘பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு’ என்கிறார் மாமியார். விட்டுவிடத்தான் வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். முடியால் கரு கலையாது. ஆனால் மாமியாரின் பயம் முழுக்க வீணும் அல்ல. கவனம் வேண்டியது முடியில் இல்லை, மலத்தில்.

எலியையோ பச்சைக் கறியையோ தின்ற பூனைக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம். அது குடலில் பெருகி, முட்டை மாதிரியான வடிவில் மலத்தோடு வெளியேறும். பெரும்பாலும் பூனைக்கு முதல் முறை தொற்றும்போது மட்டும், அதுவும் 1 முதல் 3 வாரம் வரைதான். வெளியே வந்ததும் அது நம்மைத் தொற்றாது. முதிர்வதற்கு 1 முதல் 5 நாள் பிடிக்கும். அதனால்தான் பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் அள்ளச் சொல்கிறோம். இரண்டு நாள் விட்டு அள்ளினால் பலன் போய்விடும். இந்த வேலையைப் பிரசவம் வரை கணவரிடம் விடுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் கையுறை, முகக்கவசம் போட்டு அள்ளி, பிறகு சோப்பால் கை கழுவுங்கள். தட்டில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இந்த முட்டை சாகாது.

பூனைக்கு வேகவைத்த கறி, மீன் அல்லது பாக்கெட் தீனி கொடுங்கள். வெளியே சுற்ற விடாதீர்கள். புதுக் குட்டி எதுவும் இப்போது வேண்டாம்.

உண்மையில் வீட்டுப் பூனையைவிட அரைவேக்காட்டு ஆட்டுக்கறியும் மாடித்தோட்ட மண்ணும்தான் எனக்குக் கவலை. கறி உள்வரை வேகட்டும். மல்லி, புதினாவை மண் போக அலசுங்கள். இந்தத் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை, ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தேடும். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தால் அது பழைய தொற்று. பொதுவாகக் குழந்தைக்குப் பயமில்லை. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் பதறாதீர்கள். அது பல மாதம் ரத்தத்தில் தங்கும். அவிடிட்டி (ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று பார்ப்பது) பரிசோதனை செய்து, தொற்று பழையதா புதியதா என்று பார்த்த பிறகுதான் எந்த முடிவும்.

ஐந்தாம் மாதம். சோறு வைக்கும்போது தெருநாய் கையில் கீறி, லேசாக ரத்தம் வந்தது. ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாதா?
– வாசகி, திண்டுக்கல்

இன்றே போடுங்கள். வெறிநோய்க்கான (ரேபிஸ்) இந்த ஊசி உயிரற்ற கிருமியால் ஆன தடுப்பூசி. எந்த மாதத்திலும் போடலாம். முதலில் சோப்பும் குழாய்த் தண்ணீருமாக 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்காதீர்கள். ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசியைத் தசையில் போட்டால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 ஆகிய நாள்கள். தோலில் போட்டால் 0, 3, 7, 28. கடைசி ஊசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஆடு ஈனும் நேரம். பக்கத்தில் இருக்கலாமா?
– வாசகி, பெருந்துறை

கூடாது. நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் புரூசெல்லா போன்ற கருச்சிதைவுக் கிருமிகள் இருக்கலாம். குட்டி செத்துப் பிறந்தால் பட்டிப் பக்கமே போகாதீர்கள். பிரசவம் பார்த்தவர் கையுறை போட்டு, கொடியைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்து, குளித்து, உடை மாற்றிய பிறகே உங்களிடம் வரட்டும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். சீம்பாலையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

லவ் பேர்ட்ஸ் கூண்டு?
– வாசகி, சென்னை

வேறொருவர், தண்ணீர் தெளித்து எச்சத்தை நனைத்த பிறகு துடைக்கட்டும். காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் தூசியோடு கிருமியும் மூக்கில் ஏறும்.