ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் போட்டு அலசும் தொழில்நுட்பம்) படித்தால் ஐ.நா., செஞ்சிலுவை மாதிரி அமைப்புகளில் வேலை கிடைக்குமா? பெங்களூரு கோர்ஸுக்கு 80,000 ரூபாய் கட்டலாமா?

கிருஷ்ணகிரிப் பக்கம், புவியியல் பட்டம் என்று கேள்வியிலேயே போட்டிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வீட்டில் பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்கள், நீங்கள் ராத்திரியில் நிவாரண முகாம் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரியா?

நான் ஐ.நா.வில் வேலை பார்த்தவன் இல்லை. பாஸ்போர்ட் எடுத்ததே போன வருஷம்தான். "இவனுக்கு என்ன தகுதி" என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு: வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்களில் பதினொரு வருஷம் வரைபடம் போட்டிருக்கிறேன், எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்குள். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

2012இல் நடந்தது. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகா கொடுத்த கடனில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீருக்குக் குழாய் பதித்துக்கொண்டிருந்த நேரம். அது வந்து சேரும்வரை எந்த ஊரில் எந்த அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக்கூடாது என்று பார்க்க ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, கீழே இருந்தால் பச்சை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத எனக்குத்தான் வரைபட வேலை. ஆர்வமாகச் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் விழும் கறை என் பல்லிலேயே இருக்கிறது. பல் வளரும் வயதில் குடித்த தண்ணீர். பிறகு என்ன பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்லூரி குரூப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவன் நான்தான்.

கணக்கெடுக்கப் போன பையன்கள் கையில் ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவி, காகிதப் படிவம். கருவி யுடிஎம் முறையில் காட்டும்படி வைத்திருந்தார்கள். அதாவது டிகிரிக்குப் பதிலாக மீட்டரில் இரண்டு எண், முன்னால் மண்டல எண். உலகை ஆறு டிகிரி அகலப் பட்டைகளாக வெட்டியதில் எது என்பதுதான் மண்டல எண்; மற்ற இரண்டு எண்ணும் எல்லாப் பட்டையிலும் திரும்ப வரும். படிவத்தில் மண்டல எண்ணுக்குக் கட்டமே இல்லை, யாரும் எழுதவும் இல்லை. நான் எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றி, 44ஆம் மண்டலம் என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். தர்மபுரி 44தானே?

தர்மபுரி 44தான். ஆனால் 43க்கும் 44க்கும் நடுவில் உள்ள 78 டிகிரி கிழக்குக் கோடு நம் இரண்டு மாவட்டத்தையும் அறுத்துக்கொண்டு போகிறது. ராயக்கோட்டைக்குச் சற்று மேற்கே தாண்டுகிறது. தர்மபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி ஒரு பக்கம். பென்னாகரம், ஒகேனக்கல், ஓசூர் இன்னொரு பக்கம். இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டினோம். கிழக்கே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், பென்னாகரம் பக்கம் வெறும் வெள்ளை. அங்கே இன்னும் கணக்கெடுக்கவில்லை போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் அந்தப் படம் சுவரில் இருந்தது. மேலே இருந்தவர்கள் பார்த்தார்கள், நிதி கொடுத்த இடத்திலிருந்து வந்தவரும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். எங்கள் ஜீப் டிரைவர் அண்ணன்தான், பென்னாகரத்துக்காரர், டீ டம்ளரோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, எங்க ஊர்ப் பக்கம் பம்பே கிடையாதா? பையனுங்கள நான்தானே கூட்டிட்டுப் போனேன்?"

உட்கார்ந்து தேடினேன். புள்ளிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, வங்காள விரிகுடாவில். ஆறு டிகிரி தள்ளி, 650 கிலோமீட்டர் கிழக்கே, சென்னையையும் தாண்டி நடுக்கடலில் பென்னாகரத்து அடிபம்புகள் வரிசையாக நின்றன. திருத்த ஐந்து நிமிஷம்தான் ஆனது. திருத்தியதும் அந்த வெள்ளையில் பாதி சிவப்பாகிவிட்டது.

இப்போது கோபோ மாதிரி கணக்கெடுப்புச் செயலியில் போனே டிகிரியில் பதிந்துவிடும், இந்தக் கூத்து நடக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீட்டரில் தூரமோ பரப்போ அளக்கப் போகும் அன்று அதே கோடு மறுபடி வந்து நிற்கும்.

அடுத்த தப்பு என்னுடையது மட்டுமல்ல. புள்ளிகளுக்கு நடுவே இன்டர்போலேஷன் செய்து, அதாவது அளக்காத இடத்துக்கும் பக்கத்துப் புள்ளிகளை வைத்து மதிப்பை ஊகித்து, வழவழவென்று வண்ணம் பூசச் சொன்னார்கள், அறிக்கையில் அழகாக இருக்குமாம். நம் ஊர்ப் பாறையில் தண்ணீர் விரிசல் வழியாக ஓடுகிறது. ஒரு போர்வெல்லில் ஃபுளோரைடு குறைவாக இருக்கும், தெருக்கோடியில் இருக்கும் அடுத்த போர்வெல்லில் இரண்டு மடங்கு இருக்கும். பச்சை பூசிய இடத்தில் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். நான் மறுத்தேன், கேட்கவில்லை. வண்ணப் படம்தான் அச்சாகிப் போனது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிவாரண வேலையில் வெளியூர்க்காரர்கள் செய்வது பெரும்பாலும் நான் அன்று ஆபீசில் உட்கார்ந்து செய்ததுதான். 2010 ஜனவரியில் ஹைதி நிலநடுக்கம் வந்தபோது உலகம் பூராவும் ஆட்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதன் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். 2015இல் நேபாளத்துக்கு நானும் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக வீட்டுக் கூரை வரைந்தேன். செஞ்சிலுவையும் எல்லைகளற்ற மருத்துவர்களும் சேர்ந்து 2014இல் தொடங்கிய, வரைபடத்தில் இல்லாத ஊர்களைத் தன்னார்வலர்கள் வரையும் மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்திலும் இதே கதைதான். கூரையை யாரும் வரையலாம். அந்தத் தெருவுக்குப் பெயர் என்ன, பள்ளிக்கூடம் எது என்று ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி.

வேலை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற வேகத்தில் கிடைக்காது.    

80,000 கட்டாதீர்கள். கோர்ஸ் நடத்துகிறவர்கள் சண்டைக்கு வரலாம். எல்லாக் கோர்ஸும் வீண் என்று நான் சொல்லவில்லை, முதலில் அது வேண்டாம் என்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அடிபம்பு, டேங்க், அங்கன்வாடி எல்லாவற்றையும் நடந்து போய்ப் பதியுங்கள். பிரிண்ட் எடுத்து டீக்கடையில் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அவர் எதை இல்லை என்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த ஊர் என்று கமெண்டில் போட்டால், 43ஆ 44ஆ என்று மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.